என் மகள் காவல் நிற்கும் வாசல்

1

இன்று திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் என்னைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருடங்களாக நான் தினமும் தாண்டிப் போய்க்கொண்டிருந்த வாசல். நிறுத்தியது என் மகள் கயல்.

வெளிர்நீலச் சட்டையும் கருநீலப் பினஃபோர் கவுனும் டையும் போட்டுக்கொண்டு, தரையில் அடித்திருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். வீட்டிலிருந்து என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான். முதலில் இறங்கி உள்ளே ஓடினாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு வழக்கம்போல் அவள் பின்னால் நடந்தேன். கோட்டில் கால் வைக்கும்போது இரண்டு கைகளையும் விரித்தாள்.

"அம்மா, ஸ்டாப். சினி வரைக்கும்தான்."

சினி என்றால் மலாயில் 'இங்கே'. விளையாடுகிறாள் என்று நினைத்து இடது பக்கமாக ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவளும் இடது பக்கம் நகர்ந்தாள். வலது பக்கம் போனேன். அவளும் வந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"உள்ள வரக்கூடாது. ரூல்."

எனக்குப் பின்னால் பிள்ளைகளை இறக்கிவிட வந்த கார்கள் வரிசையாக நின்றன. காவல் கொட்டகையிலிருந்து மணியம் அங்கிள் எட்டிப் பார்த்தார். இங்கே வாயிற்காவலரை ஜாகா என்பார்கள். அவர்தான் இந்தப் பள்ளியின் ஜாகா. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

"என்னா இந்தியாம்மா," என்றார். "பாஸ்போர்ட் இருக்கா?"

நான் திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து குணாவுக்குப் போன் போட்டேன். அவர் பாமாயில் ஆலையில் என்ஜினியர். கொதிகலன் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. "யாரு நிறுத்துனா? போலீஸா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "உங்க மகள்தானுங்க" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

யாரிடமாவது முழுதாகச் சொல்லியாக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

கயலுக்குப் பன்னிரண்டு வயது. டவுன் சிண்ட்ரோம். பிறந்த சில மாதங்களில் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தத் தழும்பு சட்டைக்குள் இன்னும் இருக்கிறது. பேச்சு தாமதமாக வந்தது. மூன்று நான்கு சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம் நீளாது. அவளுடைய குணங்களில் எல்லோருக்கும் பிடித்ததும் எனக்குத் தூக்கம் வராமல் செய்வதும் ஒன்றேதான்: அவள் யாருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. சிரித்துக் கையை நீட்டினால் யாரோடும் போவாள். யார் மடியிலும் உட்காருவாள்.

இந்த வருடத்தோடு அவளுக்கு ஆரம்பப் பள்ளி முடிகிறது. அடுத்த வருடம் சிரம்பானில் ஓர் இடைநிலைப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் இடம் இருக்கிறதாம். சமையல், தையல், துணி வெளுப்பது, கடையில் நிற்பது என்று கைத்தொழில்கள் கற்றுக்கொடுப்பார்களாம். ஆனால் அதற்கு அவள் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து முச்சந்தியில் நின்று, மற்ற பிள்ளைகளோடு பள்ளிப் பேருந்தில் ஏறிப் போய் வர வேண்டும். நான் இல்லாமல். வியாழக்கிழமை பள்ளியில் நடக்கும் கூட்டத்தில் சரியா, இல்லையா என்று நான் சொல்ல வேண்டும்.

இன்று காலை வரை என் பதில் 'இல்லை' என்பதுதான். மலாயில் சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு, நான் எப்படி ஒரு பள்ளிக்கூடத்துக்குள் தினமும் போய்க்கொண்டிருந்தேன் என்பதே விளங்காது. அதற்கு உடுமலைப்பேட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குணா இங்கே லாபு பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். படிக்கக் கோயம்புத்தூர் வந்தார், என்னைக் கட்டினார், என் ஊரான உடுமலையிலேயே வேலையில் இருந்தார். நான் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். கயலுக்குப் பள்ளி வயது வந்ததும் ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். காப்பிகூடக் கொடுத்தார்கள். இடம் மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு பள்ளியில் தாளாளர் அம்மா ஒத்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு. பள்ளி நடக்கும் நேரம் முழுக்கத் தாயார் வளாகத்துக்குள் இருக்க வேண்டும். பிள்ளை அழுதாலோ, ஓடினாலோ, உடுப்பை நனைத்தாலோ கூப்பிட்ட உடனே வர வேண்டும்.

எனக்குக் கோபம் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். வேலையை விட்டுவிட்டு, சைக்கிள் கொட்டகை ஓரத்தில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே எனக்கு முன்பே இன்னொரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மகனுக்கு நடக்க வராது. இரண்டு பேரும் வருடம் முழுக்க ஸ்வெட்டர் பின்னினோம். உடுமலை வெயிலில் ஸ்வெட்டர். யாருக்கு என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்த வருடம் குணாவுக்கு இங்கே ஆலையில் வேலை கிடைத்தது. வந்துவிட்டோம். கயல் அப்பாவின் குடியுரிமையில் வந்தாள். நான் மனைவி விசாவில் வந்தேன். அதை இன்றும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். கயலுக்கு மருத்துவர் சான்று, மாற்றுத்திறனாளி அட்டை, பள்ளி விண்ணப்பம் என்று சிரம்பானில் பல கவுண்டர்கள் ஏறினோம். ஒரு கவுண்டரில் இருந்த அதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முத்திரை குத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த மனிதர் நல்லவர். எல்லா ஊரிலும் எல்லாரும் இவராக இருப்பார்களா?

3

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சிறப்பு வகுப்பு இல்லை. மந்தின் போகும் வழியில் உள்ள மலாய்ப் பள்ளியில் இருந்தது. முதல் நாள் கயலை வகுப்பில் விட்டேன். அவளுடைய ஆசிரியை சிகு நோரா. இங்கே ஆசிரியர்கள் எல்லாருமே சிகுதான். அவர் குனிந்து கயலின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான் சுற்றிலும் பார்த்தேன். சைக்கிள் கொட்டகை இல்லை. கேன்டீனில் நீளமான பெஞ்சுகள் இருந்தன. போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, இங்கேயும் இதுதான் சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரம் கேன்டீன் நடத்தும் மாக்சிக் ரோகியா என் முன்னால் ஒரு தட்டு வெங்காயத்தையும் கத்தியையும் வைத்துவிட்டுப் போனார். மாக்சிக் என்றால் அத்தை, பெரியம்மா என்று எந்த மூத்த பெண்ணையும் கூப்பிடலாம். அவருக்கு நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று தெரியாது. சும்மா உட்கார்ந்திருப்பவள் வெங்காயம் நறுக்கினால் என்ன என்று நினைத்திருப்பார். நானும் இதுவும் சட்டத்தில் ஒரு பகுதியாக இருக்கும் என்று நறுக்கினேன்.

அப்படியே பழகிவிட்டது. காலையில் வெங்காயம், நெத்திலி ஆய்வது, முட்டை உரிப்பது. மதியம் கயலோடு வீடு. சம்பளம் கிடையாது. தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு ஒரு தட்டு உண்டு. மனைவி விசாவில் இருப்பவள் அனுமதியில்லாமல் வேலை செய்யக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தபோது, கத்தியைப் போட்டுவிட்டு எரிவாயு சிலிண்டர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். வெங்காயம் நறுக்கி நாடு கடத்தப்பட்ட முதல் பெண் என்று செய்தித்தாளில் வந்துவிடுமே என்று பயம்.

போன மாதம்தான் உண்மை தெரிந்தது. இடைநிலைப் பள்ளி விஷயம் பேச சிகு நோரா கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி, அடுத்த வருடம் உங்களுக்குப் பொழுது போகாதே, இங்கே வருவது உங்களுக்கு இவ்வளவு பிடித்திருந்ததே என்றார். பிடித்ததற்காக வரவில்லை, சட்டம் என்பதால் வந்தேன் என்றேன். எந்தச் சட்டம் என்றார். தாயார் வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற சட்டம் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அப்படி ஒன்று இங்கே கிடையவே கிடையாது என்றார். பெற்றோர் வாசலோடு நிற்க வேண்டும் என்பதுதான் விதி. அந்த வகுப்புக்கு உதவியாளர் இருக்கிறார். கழிப்பறைக்கு அழைத்துப் போவது முதல் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கயல் விஷயமாக என்னை யாரும் ஒருமுறைகூட வகுப்புக்குக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு ஏன் என்னை உள்ளே விட்டீர்கள் என்று கேட்டேன். இந்தியாவிலிருந்து வந்த தாய், உங்கள் வழக்கம் அப்படியோ என்னவோ, போகச் சொன்னால் மனம் நோகும் என்று முதலில் விட்டோம், பிறகு கேட்கவே கூச்சமாகிவிட்டது என்றார். நான் அவர்களிடம் கேட்கவில்லை. அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. இத்தனை வருடமும் இரண்டு பக்கமும் மரியாதை காத்திருக்கிறோம்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தலைமையாசிரியையும் வந்து சேர்ந்துகொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். விஷயம் கேன்டீனுக்குப் போனபோது மாக்சிக் ரோகியா மட்டும், அப்படியென்றால் நாளையிலிருந்து வெங்காயத்துக்கு யார் என்று கேட்டார்.

மறுநாளும் போனேன். வேறு எங்கே போவது?

4

மகள் என் மொழியை விட்டுப் போகிறாள் என்று வெளிநாட்டில் இருக்கும் எல்லாத் தாயும் எழுதுவார்கள். நானும் எழுதிவிடுகிறேன். பேசவே பேசாது என்று ஒரு மருத்துவர் சொன்ன பிள்ளை என்பதால் நான் அதிகம் குறைப்பட்டுக்கொள்ள முடியாது.

கயலுக்குத் தண்ணீர் வேண்டுமானால் 'ஆயர்'. சோறு மட்டும் சோறு. கோபம் வந்தால் மலாய், தூக்கம் வந்தால் தமிழ். நான் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் முதல் வரி தமிழில் போகும், இரண்டாவது வரியில் சிகு நோராவின் மலாய் வந்துவிடும். குணாவுக்கு இதில் வருத்தமே இல்லை. "பேசுறால்ல, அது போதும் லா" என்பார், இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து.

என் மலாய் இன்னும் மோசம். நான் அதைக் கேன்டீனில் கற்றேன். உப்புப் பார், அடி பிடிக்கிறது, பொடியாக நறுக்கு, இன்னும் வேகவில்லை. இவ்வளவும் தண்ணீர்பட்ட பாடு. அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டால் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி மாதிரி முழிப்பேன்.

மூன்று மாதத்துக்கு முன் கயல் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளைப் பெங்காவாஸ் ஆக்கியிருக்கிறார்கள். நம்மூர் கிளாஸ் லீடர் மாதிரி, ஆனால் பள்ளிக்கே பொது. வெளிர்நீலச் சட்டை அவர்களுக்கு மட்டும்தான். சிறப்பு வகுப்பிலிருந்து ஒருவர் இருக்கட்டும் என்று ஆசிரியர்கள் முடிவு செய்தார்களாம். பெயருக்குத்தான் இருக்கும் என்று நினைத்து நான் துணி வாங்கித் தைத்தேன். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது அவள் கண்ணாடி முன்னால் நின்று, டையைச் சரிசெய்து, கண்ணாடியில் இருந்த என்னைப் பார்த்து, "செருப்ப ஓரமா வைம்மா" என்றாள்.

அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

முதலில் தாழ்வாரத்தில் ஓடுகிற பிள்ளைகளை நிறுத்தும் வேலை. அப்புறம் கேன்டீன் வரிசை. சக ஆசிரியருக்கு அவசரமென்று சிகு நோராவே ஒருமுறை வரிசையில் இடையில் நுழைந்தார். கயல் அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் கடைசியில் நிறுத்தினாள். நான் வெங்காயத்துக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்தேன். திட்டுவார்களோ என்று எழுந்தேன். சிகு நோரா வரிசையில் நின்றுகொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

இந்த வாரம்தான் வாசல் வேலை. கயலிடம் அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று: பெற்றோரோ வெளியாட்களோ மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. உன் அம்மாவைத் தவிர என்று யாரும் சொல்லவில்லை.

5

செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை முயன்றேன். வேண்டுமென்றே அவளுடைய சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைக்காமல் கையில் எடுத்துக்கொண்டேன். கோட்டருகே போய், "டப்பாவை மறந்துட்ட கண்ணு, அம்மா கிளாஸ்ல வெச்சிட்டு வந்தர்றேன்" என்றேன்.

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கை விரித்தபடியே இருந்தது.

மணியம் அங்கிள் கொட்டகைக்குள்ளிருந்து கேட்டார், "இந்தியாம்மா, நீங்க ஏன் இப்படி ஒரு சின்னப் புள்ளய ஏமாத்தப் பாக்குறீங்க?" அவருக்கு இந்த வாரம் மாதிரி வாரமே வந்ததில்லை. எனக்காகவே சீக்கிரம் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார் என்று சந்தேகம்.

வீட்டுக்கு வந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பள்ளி நாளில் காலை எட்டு மணிக்கு என் வீடு எப்படி இருக்கும் என்பதை இந்த வாரம் வரை நான் பார்த்ததே இல்லை. சமையலறையில் வெயில் நேராக அடுப்பு மேல் விழுகிறது. ஆலைச் சங்கு ஊதியது. எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரி போனது. இந்தத் தோட்டத்தில் இப்போது குலை அறுப்பவர்கள் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியர்களும்தான். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் நகரத்துக்குப் போய்விட்டன. முச்சந்தியில் பேருந்துக்கு நிற்கப்போகும் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். சுற்றிலும் செம்பனை மரங்கள். சாலையில் முகம் தெரியாத ஆட்கள். மோட்டாரை நிறுத்தி ஒருவன் சிரித்தால் போதும்.

சாயங்காலம் குணாவிடம் இதைச் சொன்னேன். அவர் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த முச்சந்தியிலதான் நானும் பஸ் ஏறுனேன்" என்றார்.

"உங்களுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியுமுங்க. அவளுக்குத் தெரியாதே."

அவர் துண்டைத் தோளில் போட்டார். "நேத்தும் இன்னைக்கும் உனக்கு என்னா சொன்னா?"

"அது நானுங்க. நான் அம்மா. என்னைய நிறுத்துனா அவளுக்கு என்ன நஷ்டம்? மிட்டாய் நீட்டுறவன நிறுத்துவாளா?"

வியாழக்கிழமை அவருக்கு ஆலையில் வேலை, வர முடியாது. நீ என்ன முடிவு சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்றார். பெருந்தன்மைதான். ஆனால் முழுப் பாரத்தையும் என் தலையில் தூக்கி வைத்தமாதிரி இருந்தது.

புதன்கிழமை மதியம் அவளை அழைத்துவரப் போனேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் மற்ற அம்மாக்களோடு நின்றேன். கயலின் வாயைச் சுற்றிச் சாக்லேட் ஒட்டியிருந்தது. யார் கொடுத்தது என்று கேட்டேன். மணியம் அங்கிள் அன்று கொட்டகையைவிட்டே இறங்கி வந்துவிட்டார்.

தினமும் பள்ளி விடும் நேரத்துக்கு மோட்டாரில் ஐஸ்கிரீம் விற்கிற ஒருவர் வாசலில் நிற்பார். கயலுக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம். மணி அடிக்கும் சத்தம் கேட்டாலே துள்ளுவாள். அன்று அவர் அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்று உள்ளே வரப் பார்த்திருக்கிறார். பள்ளி விடும் நேரத்திலும் வாசல் வேலை பார்த்த கயல் கையை விரித்துவிட்டாள். அவர் சிரித்தார், கெஞ்சினார், கடைசியில் பெட்டியைத் திறந்து சாக்லேட் கோன் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வாங்கிகிட்டா" என்றார் மணியம் அங்கிள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது போலும். அவர் கையை உயர்த்தினார்.

"இருங்கம்மா, முழுசா கேளுங்க. வாங்கிகிட்டா. அங்கனயே நின்னு நக்கி நக்கித் தின்னா. மத்த கைய இப்படி விரிச்சமேனிக்கே வச்சிருந்தா. தின்னு முடிச்சிட்டு அவன்கிட்ட 'தெரிமா காசே'னு நன்றி சொன்னா. ஆனா உள்ள வுடல லா. கடைசியில நான் போயி கேட்டத் தொறந்து வுட்டேன். இல்லன்னா அவன் பாடு என்னாவறது?"

கயலைப் பார்த்தேன். அவள் டையில் ஒட்டியிருந்த சாக்லேட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா ஐஸ்கிரீம் குடுத்தாரா?" என்று கேட்டேன்.

"செடாப்" என்றாள். ருசி என்று அர்த்தம்.

"அவர ஏன் உள்ள விடல?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தாள். "மாமா சிகு இல்ல. ரூல்மா."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் முதுகில் சாய்ந்து பாடிக்கொண்டு வந்தாள். நான் வண்டியை ஓட்டினேனா, அது தானாகப் போனதா என்று தெரியாது. ஊரில் அந்தப் பெஞ்சில் என்னோடு ஸ்வெட்டர் பின்னிய அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தால் உடனே போட்டு இதைச் சொல்லியிருப்பேன்.

6

இன்று வியாழன். சாயங்காலம். முடிந்தது.

காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கோட்டருகே வந்தேன். கைகள் விரிந்தன.

"கயல், இன்னைக்கு மீட்டிங். சிகு கூப்பிட்டிருக்காங்க."

யோசித்தாள். மணியம் அங்கிளைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் ஆடிக்கொண்டிருந்தது. கயல் கொட்டகைக்குள் போய் ஒரு பேனாவையும் வருகையாளர் புத்தகத்தையும் கொண்டுவந்தாள்.

"பேரு?"

"சுகன்யா."

"யார பாக்கணும்?"

"சிகு நோராவ."

எழுது என்று புத்தகத்தைக் காட்டினாள். எழுதினேன். மறுபடியும் உள்ளே போய், நீல நாடாவில் தொங்கும் ஓர் அட்டையை எடுத்துவந்தாள். அதில் வருகையாளர் என்று மலாயில் பெரிதாக எழுதியிருந்தது. இத்தனை வருடத்தில் நான் அதைக் கழுத்தில் போட்டதே இல்லை. குனி என்று கையால் சொன்னாள். குனிந்தேன். அட்டையை மாட்டி, நாடாவில் சிக்கிய என் முடியை எடுத்துவிட்டு, எழுத்துத் தெரியும்படி நேராகத் திருப்பி வைத்தாள். பிறகு ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

"போலாம்."

கேன்டீனைத் தாண்டித்தான் அலுவலக அறைக்குப் போக வேண்டும். மாக்சிக் ரோகியா அட்டையைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வந்து கும்பிடுவதுபோல் பாவனை செய்தார். அறையில் சிகு நோரா, தலைமையாசிரியை, மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி. கேன்டீனைப் பார்வையிட வந்த அதே அதிகாரி. என்னை நெற்றி சுருக்கிப் பார்த்துவிட்டு, நீங்கள் கேன்டீனில் சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்காதானே என்றார். என் விசா, என் பெட்டி, விமான நிலையம் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. அவர், அன்றைக்கு மிளகாய்ச் சம்பால் பிரமாதம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பேருந்து பற்றி விளக்கினார்கள். முச்சந்தியில் ஏறும்போதும் பள்ளியில் இறங்கும்போதும் பெயர் பார்க்க ஓர் அம்மா பேருந்திலேயே வருவார். முதல் மாதம் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் வேறு யோசிக்கலாம். என் கருத்தைக் கேட்டார்கள்.

அவள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்வதற்கு நான் திங்கட்கிழமை வரை மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. அதைச் சொல்லத்தான் வந்தேனா என்பதும் அந்த நிமிடம் எனக்குத் தெளிவாக இல்லை. பழக்கத்தில் வாயில் வந்தது கேன்டீன் மலாய்தான். "பெலும் மாசாக்" என்றேன். இன்னும் வேகவில்லை.

தலைமையாசிரியை சிகு நோராவைப் பார்த்தார். பிறகு சிகு நோரா எனக்குப் புரிகிற அதே கேன்டீன் மலாயில் மெதுவாகச் சொன்னார். "அக்கா, நீங்க மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்க. அதுக்கு நடுவுலயும் வெந்திருக்கு."

நான் கடைசியாக ஒன்று கேட்டேன். நானும் பேருந்தில் அவளோடு ஏறிப் போகலாமா? பின் இருக்கையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அதிகாரி வருத்தமாகத் தலையசைத்தார். பெற்றோர் ஏறக்கூடாது, விதி என்றார்.

இந்த வாரம் நான் அதிகம் கேட்ட சொல். கை தானாக அட்டைக்குப் போனது. வெளியே வாசலில் இப்போது அவள் யாரையாவது நிறுத்திக்கொண்டிருப்பாள். ஐஸ்கிரீம் நீட்டியவரை நிறுத்தியவள். வாங்கித் தின்றுவிட்டும் நிறுத்தியவள்.

"போலே" என்றேன். இந்த நாட்டில் முடியும், ஆகட்டும், சரி என்பதற்கெல்லாம் அந்த ஒரு சொல்தான். எனக்கு முதலில் பழகிய மலாய்ச் சொல்லும் அதுதான். பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முச்சந்தி அங்கேதான் இருக்கிறது, லாரிகளும் இருக்கின்றன. ஆனால் இன்று காலை அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது, அவள் பிறந்த பிறகு முதல் தடவையாக அடுத்த வருடத்தைப் பற்றி எனக்கு ஆசையாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். காலை மணி அடித்துக் கயல் வகுப்புக்குப் போயிருந்தாள். மணியம் அங்கிள் டீ குடிக்கப் போயிருந்தார். அப்படியே லாபு பாசாருக்குப் போய் மீன் வாங்கினேன். மீன்காரர் வழக்கத்துக்கு மாறாக மரியாதையாகப் பேசி, செவுளைத் திறந்து திறந்து காட்டினார். எங்கோ சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்திருக்கிறார். வீட்டுக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது. கழற்றி ஆணியில் மாட்டினேன்.

மதியம் கயல் உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். பை தோளிலிருந்து இறங்கவில்லை.

"அம்மா. கார்டு குடுக்கல."

"மறந்துட்டேன் கண்ணு. நீ எடுத்துட்டுப் போய்க் குடுத்துரு."

"நான் இல்ல. நீ போட்ட. நீ குடு."

குணா வேலையிலிருந்து வந்ததும் அவரிடமும் புகார் போனது. அவர் என்னைக் கேட்காமலேயே, அம்மா செய்தது தப்பு என்று தீர்ப்புச் சொன்னார். பேருந்துக்குச் சரி என்று சொன்னதை நான் பிறகுதான் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கயலின் டையைக் குழாயடியில் வைத்துச் சாக்லேட் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் தேய்த்தார்.

நான் மறுபடியும் மறந்துவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். ஆணியிலிருந்து அட்டையை எடுத்து, வாசலில் என் செருப்புக்கு மேல் வைத்திருக்கிறாள். நாடாவைச் சுற்றி, எழுத்து மேலே தெரியும்படி.

நாளைக் காலை கொடுத்துவிட வேண்டும். அதற்கு நான் உள்ளே போக வேண்டியதில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினால் அவளுக்கு எட்டும்.